1971 ஜனவரி: பதினாலு நாளில் நாலு கச்சேரி, நாலையும் வாங்கணுமா?

மதுரைக்குதிரை எழுதியது:

வணக்கம். முதலில் ஒரு புலம்பல், அப்புறம் ஒரு கேள்வி.

பாடகர் நீல் யங் தன் பழைய பதிவுகளை வெளியிடும் ஆர்க்கைவ்ஸ் வரிசையில் 1971 தனிக் கச்சேரிகள் மட்டும் என் அலமாரியில் பெருகிக்கொண்டே போகின்றன. டொரொன்டோ மாசி ஹால், ஜனவரி 19. கனெக்டிகட் மாநிலம் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் அரங்கம், ஜனவரி 22. லாஸ் ஏஞ்சலஸ் ராய்ஸ் ஹால், ஜனவரி 30. அதே ஊரில் டோரதி சாண்ட்லர் பெவிலியன், பிப்ரவரி 1. ஒரே ஆள், ஒரு கித்தார், ஒரு பியானோ, முக்கால்வாசி அதே பாட்டுகள். மாசி ஹால் 2007-இல் வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்ட் 2021-இல். மற்ற இரண்டும் 2022-இல் சேர்ந்தே வந்தன.

இதில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வரிசை எண் 3.5. மூன்றாம் எண் மாசி ஹாலுக்குப் போய்விட்டது, நாலாம் எண்ணை 1973 டஸ்கலூஸா கச்சேரிக்குக் கொடுத்துவிட்டார்கள், நடுவில் இடமில்லாமல் அரை டிக்கெட் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாம் எண்ணை 2006-இலும் பூஜ்யத்தை 2008-இலும் வெளியிட்ட மனிதரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது நம் தப்பு.

தபால்காரரிடம் உறையை வாங்கிய மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருமா?

துரு_தூங்காது எழுதியது:

ஒன்று போதும் அண்ணே. மாசி ஹால். மற்றதெல்லாம் உபரி.

அந்த நாடாவுக்கு ஒரு கதை இருக்கிறது. தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் அந்தக் கச்சேரியைப் பதிந்துவிட்டு, அடுத்த ஆல்பமாக இதையே போடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீல் கேட்கவில்லை. அவர் மனசு முழுக்க ஹார்வெஸ்ட் ஆல்பத்தின் பாட்டுகளில் இருந்தது. ஹார்வெஸ்ட் 1972-இல் வந்து பெரிய வெற்றியானது, நாடா அலமாரிக்குப் போனது. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து எடுத்துக் கேட்டபோதுதான் பிரிக்ஸ் ஏன் அப்படி அடம்பிடித்தார் என்று நீலுக்கே புரிந்ததாம். பிரிக்ஸ் 1995-லேயே போய்விட்டார். சொல்லவேண்டிய ஆளிடம் சொல்ல முடியாமல் போன மன்னிப்பு அது.

இன்னொன்று. அதில் ஹார்ட் ஆஃப் கோல்ட் வரும் இடத்தைக் கவனியுங்கள். பியானோவில், வேறொரு பாட்டின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கூட்டத்தில் ஒரு சலனமும் இல்லை. யாருக்கும் தெரியாத பாட்டு. அடுத்த வருஷம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போகப்போகிற பாட்டை இரண்டாயிரம் பேர் சும்மா உட்கார்ந்து கேட்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும் இடம் அது. கைதட்டல் அல்ல, கைதட்டல் இல்லாததுதான் காரணம்.

வன்னிக்காற்று எழுதியது:

நான் இருப்பது ஸ்காபரோவில். மாசி மண்டபத்துக்குச் சுரங்க ரயிலில் போய் வரலாம். ரொறன்ரோவில் பனி கொட்டும் நாளில் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே ஒருமுறை போனேன், சும்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு வர.

1894-இல் திறந்த மண்டபம். கட்டிக் கொடுத்தவர் ஹார்ட் மாசி, விவசாய இயந்திர முதலாளி. எங்கட வயல்களில் ஓடிய மாசி பெர்குசன் உழவு இயந்திரத்தின் மாசி அதே மாசிதான். இறந்துபோன மகனின் நினைவாகக் கட்டினவர். 2018-இல் மூடித் திருத்தி 2021 நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். முந்தி உள்ளே தூண் மறைக்கும் இருக்கைகள் உண்டு, அந்த இருக்கை கிடைத்தால் பாட்டுக்காரரின் பாதிதான் தெரியும்.

பதிவில் இரண்டு இடம் இந்த ஊர்க்காரருக்கு மட்டும் உரியது. ஹெல்ப்லெஸ் பாட்டு தொடங்கும்போது வட ஒன்ராறியோ என்ற சொல் வந்ததும் எழும் சத்தம். மற்றது, ஜர்னி த்ரூ த பாஸ்டில் கனடாவுக்குத் திரும்பிப் போகிறேன் என்று பாடும் இடம். ஊரை விட்டுப் போய் 25 வயதில் பேரோடு திரும்பி வந்த பெடியன். தகப்பன் இந்த ஊரில் எல்லோரும் அறிந்த பத்திரிகை எழுத்தாளர் ஸ்கொட் யங். அந்த ஆரவாரத்தை லொஸ் ஏஞ்சலஸில் காசு கொடுத்தாலும் வாங்க ஏலாது. எங்களைப் போல ஊரை விட்டு வந்த சனத்துக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரித்தான் கேட்கும். அதை விடுங்கள்.

மதுரைக்குதிரை எழுதியது:

டிராக்டர் மாசியா! எங்கள் தாத்தா வாசலில் நின்ற சிவப்பு வண்டி. இந்த ஒரு தகவலுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை.

கோதுமைவயல் எழுதியது:

துரு தம்பி, உபரி என்று நீ தள்ளிய ஸ்ட்ராட்ஃபோர்டைப் பற்றி ஒன்று. மாசி ஹால் தகட்டோடு வந்த டிவிடியைப் பார்த்திருக்கிறாயா? அதில் ஓடும் படம் மாசி ஹாலே இல்லை. மூன்று நாள் கழித்து ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுத்த படம். அதை மாசி ஹால் ஒலிக்கு ஒட்டவைத்திருக்கிறார்கள். உதடும் கையும் பெரும்பாலும் பொருந்துகிறது, ஏனென்றால் மனிதர் இரண்டு ராத்திரியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வாசித்திருக்கிறார். 2021-இல்தான் அந்தப் படத்துக்கு அதன் சொந்த ஒலி திரும்பக் கிடைத்தது.

அதனால் உன் மாசி ஹாலை நீ கண்ணால் பார்த்ததே இல்லை.

எனக்குப் பிடித்ததும் ஸ்ட்ராட்ஃபோர்டுதான். மாசி ஹாலில் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார். இங்கே தளர்ந்து, மெதுவாகப் பேசிக்கொண்டு, கடைசியில் கூட்டத்தையும் சுகர் மவுன்டன் பாடவைத்துச் சிரிக்கிறார். 19-ஆவது பிறந்த நாளில் எழுதிய பாட்டு. அதற்கு 126 சரணம் எழுதினேன் என்று மேடையில் கதை விடும் பழக்கம் அவருக்கு உண்டு.

துரு_தூங்காது எழுதியது:

அக்கா, 13 வருஷமாக அந்த டிவிடியை மாசி ஹால் என்று நம்பி விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்பூல்மாமா எழுதியது:

பெரியவன் ஒரு வார்த்தை சொல்லலாமா.

நீங்கள் எல்லோரும் ராய்ஸ் ஹாலை விட்டுவிட்டீர்கள். ஆனால் நாலில் முதலில் உங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான். ஹார்வெஸ்டில் இருக்கும் த நீடில் அண்ட் த டேமேஜ் டன் ஸ்டூடியோவில் பாடியது அல்ல, 1971 ஜனவரி 30 ராத்திரி ராய்ஸ் ஹாலில் பாடியது. முடிகிற இடத்தில் கைதட்டல் எழும், எழுந்த கையோடு அதை வெட்டி அடுத்த பாட்டு தொடங்கிவிடும். சின்ன வயதில் என் தகட்டில் கீறல் என்று நினைத்து ஊசியைத் துடைத்திருக்கிறேன். 1973-இல் வந்த டைம் ஃபேட்ஸ் அவே ஆல்பத்தில் லவ் இன் மைண்ட் என்ற பாட்டும் அதே ராத்திரிதான். மற்றதெல்லாம் 1973 சுற்றுப்பயணம், அது மட்டும் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆக ஒரே கச்சேரியைப் பிய்த்து இரண்டு ஆல்பத்தில் ஒட்டி, மிச்சத்தை 51 வருஷம் கழித்துக் கொடுத்தார். 2022-இல் அந்த கைதட்டல் வெட்டுப்படாமல் முழுசாகக் கேட்டபோது, பாதியில் நிறுத்திய வாக்கியத்தை யாரோ முடித்துவைத்தது போல இருந்தது.

எந்த இரவு என்று கேட்டால் நான் ராய்ஸ் என்பேன். ஆனால் ஏன் நாலு வேண்டும் என்பதற்கு வேறு பதில் வைத்திருக்கிறேன். கச்சேரி கேசட் மாற்றிக்கொண்ட தலைமுறை நான். ஒரே வித்வான், ஒரே தோடி, நாலு சபா, நாலு டிசம்பர். "இது ஏற்கெனவே இருக்கே" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். இருக்கிறதுதான், ஆனால் இது அது இல்லையே.

மதுரைக்குதிரை எழுதியது:

மாமா, தோடியில் கல்பனை மாறும். இவர் சுரம் மாற்றி வாசிப்பதில்லையே. அதே பாட்டு, அதே வரி.

கோதுமைவயல் எழுதியது:

பாட்டே மாறுகிறதே! மாசி ஹாலிலும் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் ஹார்ட் ஆஃப் கோல்ட் பியானோவில் ஒரு வால். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரியில் நாஷ்வில் ஸ்டூடியோவில் அது கித்தாரும் ஹார்மோனிகாவுமாகத் தனிப் பாட்டு. பின்னணிக் குரலுக்கு ஜேம்ஸ் டெய்லரும் லிண்டா ரான்ஸ்டாட்டும். அதே மாதம் 23-ஆம் தேதி லண்டனில் பிபிசி தொலைக்காட்சிக்குப் பாடும்போது பையில் ஹார்மோனிகாவைத் தேடிக்கொண்டே, புதுப் பாட்டு என்று சொல்லித் தொடங்குகிறார். ஒரு பாட்டு கூட்டைவிட்டு வெளியே வருவதை நாள் கணக்கில் பார்க்கலாம். எந்தப் பாட்டுக்கு இப்படிக் கிடைக்கும்?

முதுகையும் மறக்காதீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க முதுகுத்தண்டு வட்டு நகர்ந்து, இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தவர். கனமான எலெக்ட்ரிக் கித்தாரைத் தோளில் தாங்க முடியாததால்தான் நாற்காலியும் அகூஸ்டிக் கித்தாரும். ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. நாம் கொண்டாடும் இந்தத் தனிக் கச்சேரிப் பாணிக்குப் பாதிக் காரணம் முதுகுவலி.

துரு_தூங்காது எழுதியது:

டவுன் பை த ரிவர் பாட்டை எடுங்கள். 1970 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் கிரேஸி ஹார்ஸ் இசைக்குழுவோடு 12 நிமிடம். நீலும் அந்தக் குழுவின் டேனி விட்டனும் கித்தாரால் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு நிற்பார்கள். பத்து மாதம் கழித்து மாசி ஹாலில் அதே பாட்டு நாலே நிமிடம், ஒற்றைக் கித்தார். சண்டை போட எதிராளி இல்லை. விட்டன் 1972 நவம்பரில் போதையில் செத்துப்போனது தெரிந்துகொண்டு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சோறு இறங்காது.

ஃபில்மோர் பற்றி எனக்கு ஒரு தீராத குறை. அந்த ராத்திரிகளில் முதல் பாதி தனியாக அகூஸ்டிக், இரண்டாம் பாதி குதிரைகளோடு. வெளியிட்டது இரண்டாம் பாதி மட்டும், ஆறே பாட்டு. நாலு 1971 கொடுத்தவர் ஒரு முழு 1970-ஐக் கொடுக்க மாட்டாரா?

பி_பக்கம் எழுதியது:

இழைக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் வல்லுநர்களாக இருப்பதால் கேட்கிறேன்.

என்னிடம் ஒரு டிடிகே 90 நிமிடக் கேசட் இருக்கிறது. 1994, கோயம்புத்தூர் ஹாஸ்டல். சீனியர் ஒருவர் அவருடைய டபுள் டெக்கில் பதிந்து கொடுத்தது. ஏ பக்கம் ஹார்வெஸ்ட். பி பக்கத்து அட்டையில் பென்சிலால் "நீல் லைவ்" என்று மட்டும் எழுதியிருக்கும். ரெனால்ட்ஸ் பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றிச் சுற்றி ஒரு பக்கத்துப் பல் தேய்ந்தே போய்விட்டது. ஒலி, பக்கத்து அறைச் சுவரில் காதை வைத்துக் கேட்பது போல. நடுவில் ஒரு நீண்ட பேச்சு, தேனையும் வேறு எதையோ சட்டியில் வறுத்துக் கலப்பது பற்றி. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அன்றைக்கு அது சமையல் குறிப்பு என்று நினைத்தேன்.

இது எந்தக் கச்சேரி? இன்னொரு சந்தேகம்: கூடவே வாசிக்கலாம் என்று கித்தாரை எடுத்தால் எந்தச் சுருதிக்கும் ஒட்டுவதில்லை. அரைச்சுரம் ஏற்றினால் கூடுதல், இறக்கினால் குறைச்சல்.

ஸ்பூல்மாமா எழுதியது:

சமையல் குறிப்புதான் தம்பி, ஆனால் வீட்டில் செய்து பார்க்காதே. தேனும் கஞ்சாவும்.

1974 மே 16, நியூயார்க் பாட்டம் லைன் கிளப். கித்தார் கலைஞர் ரை கூடரின் நிகழ்ச்சி முடிந்த பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் நீல் மேடையேறினார். ஆன் த பீச் ஆல்பம் கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது, அதன் பாட்டுகளை அந்தச் சின்னக் கிளப்பில் பாடிவிட்டுப் போனார். ஆன் த பீச் சிடியாக வரவே 2003 ஆனது. அதுவரை நம் ஆட்களுக்கு அந்தப் பாட்டுகளைக் காட்டிய விளக்கு இந்தத் திருட்டு நாடாதான். சிட்டிசன் கேன் ஜூனியர் ப்ளூஸ் என்று பெயர் வைத்துச் சுற்றவிட்டார்கள். 2022-இல் நீல் தன்னுடைய அஃபிஷியல் பூட்லெக் வரிசையில் அதை வெளியிட்டபோது திருடன் வைத்த அதே பெயரையே வைத்தார்!

நிர்வாகி எழுதியது:

நினைவூட்டல்: அதிகாரபூர்வமாக வந்துவிட்ட எதற்கும் இங்கே பதிவிறக்க இணைப்பு போடவேண்டாம். வராத நாடாவை மாற்றிக்கொள்வது உங்கள் பாடு, விற்பது கூடாது. தனிமடலில் கேட்பவர்கள் என்னைச் சேர்த்துக் கேட்காதீர்கள்.

வன்னிக்காற்று எழுதியது:

பி_பக்கம், சுருதி ஒட்டாததற்குக் காரணம் வேகம். அரைச்சுரம் என்றால் ஆறு சதவீதம் கிட்ட. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்றால் மூன்று சதவீதம் பிசகு. இப்போது அதிகாரபூர்வப் பதிவு இருக்கிறதே, இரண்டையும் பக்கத்தில் வைத்து நேரத்தை அளந்து பாருங்கோ.

பி_பக்கம் எழுதியது:

அளந்தேன். ஆம்புலன்ஸ் ப்ளூஸ் பாட்டில் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். என் நாடாவில் 16 வினாடி முன்னாலேயே அதே இடம் வந்துவிடுகிறது. மூன்று சதவீதம் வேகம், நீங்கள் சொன்னது சரி. இப்போது ஓட்டும் டெக்கின் மேல் குற்றமில்லை, 3150 ஹெர்ட்ஸ் சோதனை நாடா போட்டுச் சரிபார்த்ததுதான்.

அப்படியென்றால் பிசகு எங்கே நடந்தது? ஹாஸ்டல் சீனியரின் டெக்கிலா, அதற்கு முந்தின ஏதோ ஒரு அமெரிக்கக் கைமாற்றத்திலா? சீனியர் இன்றும் நண்பர். அவரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் உறுதி வேண்டும்.

ஸ்பூல்மாமா எழுதியது:

மின்சார உறுமலைப் பார். இங்கே பதியும் எந்த நாடாவிலும் சுவர் பிளக்கின் 50 ஹெர்ட்ஸ் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பாட்டு இல்லாத இடத்தை எடுத்து அதிர்வெண் படம் போடு. அமெரிக்க உறுமல் 60 பக்கம் இருக்கும், அது வேறு. சீனியர் டெக் மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது அவருடைய 50, 51.5 ஆக எழும்பி நிற்கும். அப்படியே 50-இல் நின்றால் அவர் நிரபராதி.

ஆனால் உன் டெக்கின் இன்றைய உறுமலும் 50-தான். முதலில் வெற்றுக் கேசட் போட்டு ஓட்டி, அதில் என்ன வருகிறது என்று பார்த்துவிடு.

பி_பக்கம் எழுதியது:

வெற்றுக் கேசட்டில் ஒன்றுமில்லை, தரை மட்டம். பி பக்கத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவே எடுத்தால் முள் மாதிரி ஒன்று நிற்கிறது. சரியாக 50.0. ஒரு புள்ளிகூட விலகவில்லை.

சீனியர் நிரபராதி! போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "நான் என்னடா பண்ணினேன்" என்கிறார்.

கம்பிக்காரர் எழுதியது:

நான் இந்தப் பாட்டுக்காரரைக் கேட்டவன் இல்லை. என் மகன் இழையைக் காட்டி, அப்பா உங்கள் சமாசாரம் என்றான். மின்துறையில் 30 வருஷம் இருந்தவன். ஒரு திருத்தம்.

1994-இல் நம் தென்மண்டலத்தில் 50 ஹெர்ட்ஸ் என்பது பாடப்புத்தகத்தில்தான் இருந்தது. தேவைக்கு உற்பத்தி போதாது, அதனால் அதிர்வெண் சரியும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் 48.5, அதற்கும் கீழே எல்லாம் சர்வசாதாரணம். சுவர்க் கடிகாரம் மாதிரி அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் ஷிஃப்ட் ஓட்டியிருக்கிறோம். 2003-க்கு அப்புறம் கட்டண முறையை மாற்றியபிறகுதான் நிலைமை சீரடைந்தது.

48.5-ஐ மூன்று சதவீதம் ஏற்றிப் பாருங்கள் தம்பி. 50 வருகிறதா?

உங்கள் சீனியர் ராத்திரி எத்தனை மணிக்குப் பதிந்தார் என்று கேளுங்கள்.

பி_பக்கம் எழுதியது:

கேட்டேன் ஐயா. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, எட்டு மணிக்கு. குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதாம். டெக்கின் பெல்ட் தளர்ந்து ரப்பர்பேண்ட் போட்டிருந்ததையும் இப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

மதுரைக்குதிரை எழுதியது:

என் மனைவி இந்த இழையை முழுசாகப் படித்துவிட்டாள். 3.5-ஐ மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அவளே செருகி வைத்திருக்கிறாள். ராய்ஸ் ஹாலின் விலை என்ன என்று கேட்கிறாள்.